கங்கைக் கரைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு

வனப்பணித் தேர்வில் தேறி, பீகார், உத்தரப் பிரதேசம், அசாம் என்று ஒதுக்கீடு வாங்கிப் போகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தவர்களும் பேசுவதுண்டு. புலி, யானை என்று படித்துவிட்டுப் போனவர்களுக்கு, "டால்பின் பொறுப்பும் உங்களுடையதுதான்" என்று மேலதிகாரி சொன்னதும் ஒரு திகைப்பு. பணிக்காலத்தில் பெரும்பகுதியை அந்த ஆற்றோரம் கழித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. நான்காவதையும் ஏழாவதையும் மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1. உங்கள் விலங்கு யாருடைய கோப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

புலி இருக்கும் காடு உங்கள் துறையுடையது. அங்கே ஒரு மரம் விழுந்தாலும் உங்கள் ஆளிடம்தான் கேட்பார்கள். டால்பின் இருக்கும் ஆறு அப்படி இல்லை. தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ப்பாசனத் துறை. மீன் மீன்வளத் துறைக்கு, மணல் கனிமத் துறைக்கு, கப்பல் போக்குவரத்து உள்நாட்டு நீர்வழி ஆணையத்துக்கு. சாக்கடை நகராட்சியின் பொறுப்பு. பாலம் கட்டுகிறவர்கள் இன்னொரு அமைச்சகத்தின் கீழே வருவார்கள். உங்களிடம் இருப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்த விலங்கின் பெயர் எழுதப்பட்டிருக்கிற ஒரு வரி.

ஆகவே உங்கள் வேலையில் பாதி மற்றவர்களின் கூட்டங்களில் போய் உட்காருவது. அழைப்பு தானாக வராது, கேட்டு வாங்குங்கள். அணைக்கட்டுப் பராமரிப்புக் கூட்டம், மணல் ஏலத்துக்கு முந்தைய கூட்டம், நீர்வழி தூர்வாரும் திட்டக் கூட்டம் ஆகிய மூன்றிலும் உங்கள் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. காட்டுக்குள் சுற்றத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிராணியின் உயிர் போவதும் நிற்பதும் அந்த அறைகளில்தான்.

2. கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் ஒரு வாரம் படகில் போய்ப் பாருங்கள்.

பீகாரில் பாகல்பூர்ப் பக்கம் டால்பினை 'சோன்ஸ்' என்பார்கள். கடல் டால்பின் மாதிரி துள்ளிக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்சு வாங்க ஒரு நொடி மேலே வரும், அவ்வளவுதான். நீண்ட மூக்கு, பழுப்புச் சாம்பல் முதுகு, பிறகு வெறும் தண்ணீர். அடுத்த மூச்சுக்கு அரை நிமிடமும் ஆகலாம், இரண்டு நிமிடமும் ஆகலாம். அது எந்தப் பக்கம் எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காமிராவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்க்கப் பழகுங்கள்.

அதற்குக் கண்ணில் வில்லை கிடையாது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. கலங்கிய ஆற்றில் கண்ணால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இடைவிடாமல் சின்னச் சின்னச் 'சொடுக்கு' ஒலிகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் மீனையும் கரையையும் அறிகிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஒருக்களித்து நீந்தும். ஆணைவிடப் பெண் பெரிது, இரண்டரை மீட்டர் வரை நீளும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி, அதுவும் ஒன்றே ஒன்று. இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வலையில் ஒரு தாய் மாட்டிக்கொண்டால், அந்த ஆற்று வளைவு அந்த இழப்பிலிருந்து எழ எத்தனை வருடம் ஆகும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

3. அரசு இதுவரை அறிவித்தவற்றை வரிசையாகத் தெரிந்து வையுங்கள். அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.

1972 சட்டம் முதல் அட்டவணையில் இடம் கொடுத்தது. 1991-ல் பீகாரின் சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரை, ஐம்பது அறுபது கிலோமீட்டர் கங்கை, விக்ரம்சீலா டால்பின் சரணாலயம் ஆனது. 2009 அக்டோபர் 5-ஆம் தேதி தேசிய கங்கை நதிப்படுகை ஆணையத்தின் முதல் கூட்டம், பிரதமர் மன்மோகன் சிங் தலைமையில் நடந்தது. பீகார் முதல்வர் நிதீஷ் குமார் யோசனை சொல்ல, டால்பின் தேசிய நீர்வாழ் விலங்காக ஏற்கப்பட்டது. 2010 முதல் 2020 வரைக்கும் ஒரு செயல்திட்டம் எழுதப்பட்டது. 2020 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையிலிருந்து 'புராஜெக்ட் டால்பின்' அறிவிப்பு வந்தது. 2024-ல் பாட்னா பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய டால்பின் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அசோகர் இருக்கிறார். கொல்லக் கூடாத உயிர்கள் என்று அவருடைய ஐந்தாம் தூண் சாசனம் தரும் பட்டியலில் வரும் 'கங்காபுபுதக' இந்த டால்பின்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதே சாசனம் குறிப்பிட்ட திதிகளில் மீன் பிடிக்கவும் விற்கவும் தடை போடுகிறது. மேற்குச் சம்பாரண் பக்கம் மாற்றலாகிப் போனால் லௌரியா நந்தன்கட் தூணை ஒரு நாள் போய்ப் பாருங்கள். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய அரசாணை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. நம்முடைய சுற்றறிக்கைகள் பலவும் அடுத்த அதிகாரி வரும்வரைகூட நிற்பதில்லை.

அறிவிப்புகளைக் கேலி செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். 'தேசிய நீர்வாழ் விலங்கு' என்ற பட்டத்தால் ஒரு டால்பினும் பிழைத்துவிடாது என்பது உண்மை. ஆனால் மணல் ஒப்பந்தக்காரரின் ஆள் எதிரே உட்கார்ந்து மிரட்டும்போது மேஜை மீது எடுத்துப் போட உங்களிடம் இருப்பது அந்தப் பட்டம்தான்.

4. சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் கஹல்காவ் மீனவர்களின் கதையைக் கேளுங்கள்.

இதை நான் விரித்தே சொல்ல வேண்டும். சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கங்கை, நாடு சுதந்திரம் அடைந்து நாற்பது வருடம் ஆகும்வரைக்கும் ஜமீன்தார்களின் சொத்தாக இருந்தது. நிலத்தில் ஜமீன் ஒழிந்தது, தண்ணீரில் ஒழியவில்லை. 'பானிதாரி' என்று அதற்குப் பெயர். தாத்தா காலத்திலிருந்து வலை வீசிய ஆற்றிலேயே மல்லா சமூகத்து மீனவர்கள் வரி கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடி. 1982-ல் கஹல்காவில், காகஜி டோலா என்ற மீனவக் குடியிருப்பில் 'கங்கா முக்தி ஆந்தோலன்' தொடங்கியது. பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போராடி, 1990-91 வாக்கில் பானிதாரியை ஒழித்தார்கள். ஆற்றில் பாரம்பரிய மீனவர்கள் வரியில்லாமல் மீன் பிடிக்கலாம் என்று அரசு ஒத்துக்கொண்டது.

சரணாலய அறிவிப்பு எந்த வருடம் என்று மூன்றாவதில் எழுதினேன். திரும்பிப் பாருங்கள்.

அவர்கள் பக்கத்திலிருந்து யோசியுங்கள். ஜமீன்தாரிடமிருந்து ஆற்றை மீட்ட கையோடு, இந்த ஆறு இனி ஒரு விலங்குக்கு ஒதுக்கப்பட்டது என்று அரசாங்கம் பலகை நடுகிறது. காக்கிச் சட்டையைக் கண்டால் மீனவர் முகம் ஏன் இறுகுகிறது என்று புதிதாக வருகிற ரேஞ்சருக்குப் புரிவதில்லை. "இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார். அவர்களுக்கு விழிப்பு உங்களைவிட அதிகம். ஆற்றில் எந்த மடுவில் எத்தனை சோன்ஸ் இருக்கிறது, எது குட்டியோடு திரிகிறது என்று படகுக்காரர் சொல்லும்போது குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

வரி போனதால் அவர்கள் வாழ்வு செழித்துவிடவும் இல்லை. 1975-ல் ஃபரக்கா அணை வந்தபின் கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த ஹில்சா மீன் அணைக்கு மேலே அற்றுப்போயிற்று. பெரிய மீன் குறைந்தது, வலைக் கண் சிறுத்தது. தங்கூசி வலை வந்தது, கொசுவலைத் துணியில் குஞ்சு மீனை அரிப்பதும் வந்தது. ஆற்றில் துப்பாக்கியோடு திரியும் கும்பல்கள் நல்ல இடங்களை மீனவர்களிடமிருந்து பறித்துக்கொள்வதும் உண்டு. கொசுவலை வைத்திருக்கும் ஏழையைப் பிடிப்பது சுலபம். அந்தக் கும்பலைப் பிடிக்க எஸ்.பி.யின் துணை வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு மாத அறிக்கையில் எண்ணிக்கை காட்டும் அதிகாரியைக் கரையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

5. செத்த டால்பின் கிடைத்தது என்று தகவல் சொல்லும் மீனவரை முதல் நாளே குற்றவாளி ஆக்காதீர்கள்.

முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் மூன்றிலிருந்து ஏழு வருடம் சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இது மீனவர்களுக்குத் தெரியும். ஆனால் கங்கையில் சாகும் டால்பின்களில் பெரும்பாலானவை யாரும் வேட்டையாடிச் சாகவில்லை. மீனுக்குப் போட்ட செவுள் வலையில் மூக்கு சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் சாகின்றன. நுண்ணிய தங்கூசி இழையிலிருந்து வருகிற எதிரொலி அவ்வளவு மெல்லியது. விடியற்காலையில் வலையை இழுக்கிறவர் செத்த டால்பினைப் பார்க்கிறார். அவர் செய்யக்கூடியது இரண்டு: உங்களைக் கூப்பிடுவது, அல்லது வயிற்றைக் கிழித்து ஆற்றிலேயே அமிழ்த்திவிடுவது. எதைச் செய்வார் என்பது, கடைசியாகக் கூப்பிட்டவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பொறுத்தது.

தகவல் வந்ததும் கால்நடை மருத்துவரோடு போங்கள். நீளம், ஆணா பெண்ணா, மூக்கிலும் துடுப்பிலும் வலைத் தழும்பு உண்டா, வயிற்றில் என்ன இருக்கிறது, கருவுற்றிருந்ததா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கொழுப்பு எங்காவது வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேட்டைக்கும் விபத்துக்கும் வித்தியாசம் அங்கே தெரியும். வெட்டு இருந்தால் வழக்கை விடாதீர்கள். இல்லை என்றால் அந்த மனிதரை மகஜரில் சாட்சியாகச் சேர்த்து, அன்றைய பிழைப்பு கெடாமல் வீட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் எல்லைக்குள் சாவு எண்ணிக்கை ஏறினால் மேலிடம் கேள்வி கேட்கும். கேட்கட்டும். பூஜ்யம் என்று அறிக்கை அனுப்பும் கோட்டத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

6. எண்ணெய் விஷயம்.

டால்பின் கொழுப்பிலிருந்து இறக்கிய எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் சிலவகைக் கெளுத்திகள் அந்த வாடைக்குக் கூடும். அதை வைத்தே தொழில் செய்தவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு நல்லது என்று பூசிக்கொள்கிறவர்களும் உண்டு. பாட்னா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.கே. சின்ஹா, 'டால்பின் மனிதர்' என்று பெயர் வாங்கி 2016-ல் பத்மஸ்ரீ பெற்றவர், மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயே அந்த வேலையைச் செய்யும் என்று மீனவர்களுக்குக் காட்டினார். தடை போட்ட கையோடு மாற்றையும் கொடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சந்தை நாளில் மீன் கடைப் பக்கம் நடந்து, எண்ணெய் இன்னும் கைமாறுகிறதா என்று மூக்கால் விசாரியுங்கள்.

7. மே மாதத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதே உங்கள் முதல் புள்ளிவிவரம்.

புதிதாக வருகிறவர்கள் சாக்கடை, தொழிற்சாலைக் கழிவு என்றுதான் தொடங்குவார்கள். அதுவும் உண்மை. ஆனால் டால்பினுக்கு முதலில் வேண்டியது ஆழம். ஹரித்வாரில் 1854-லிருந்து ஒரு பெரிய கால்வாய் கங்கையை எடுத்துக்கொண்டு போகிறது. கீழே பிஜ்னோரில் ஓர் அணைக்கட்டு, நரோராவில் இன்னொன்று, கான்பூரில் மற்றொன்று. பிஜ்னோருக்கும் நரோராவுக்கும் நடுவில் வாழ்கிற டால்பின்கள் மேலேயும் போக முடியாது, கீழேயும் வந்து திரும்ப முடியாது. அந்தச் சின்னக் கூட்டம் தனக்குள்ளேயே பெருகியாக வேண்டும், அல்லது தேய்ந்துபோகும். அந்தப் பகுதியில் பிரஜ்காட் முதல் நரோரா வரை 2005-லிருந்து ராம்சார் தலம். பட்டம் இருக்கிறது. தண்ணீருக்குத் தனியாகப் போராட வேண்டும்.

கோடையில் நடப்பது இதுதான். நீர்மட்டம் இறங்க இறங்க டால்பின்கள் மடுக்களிலும் ஆறுகள் கூடும் இடங்களிலும் ஒதுங்குகின்றன. குர்சேலா பக்கம் கோசி வந்து சேரும் இடம், ஹாஜிப்பூரில் கண்டகி சேரும் இடம், இப்படி. மீனும் அங்கேதான் ஒதுங்குகிறது. மீனவரும் வலையை அங்கேதான் கொண்டுவருகிறார். மழைக்காலத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்தில் பரவியிருந்த மூவரும் மே மாதத்தில் ஒரே குழியில் நிற்கிறார்கள். வலையில் சாவு என்று நாம் எழுதுவதன் வேர் பல சமயம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஒரு மதகில் இருக்கிறது.

2018 அக்டோபரில் மத்திய அரசு குறைந்தபட்ச நீரோட்ட ஆணை ஒன்றை வெளியிட்டது. அக்டோபரிலிருந்து மே வரை ஹரித்வாரில் விநாடிக்கு 36 கன மீட்டர், பிஜ்னோர், நரோரா, கான்பூரில் 24 கன மீட்டர் கீழே விட்டாக வேண்டும். இது போதுமா என்றால் போதாது என்றே நினைக்கிறேன். கங்கையின் அகலத்தைப் பார்த்தவர்களுக்கு 24 என்ற எண் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஓர் எண் கிடைத்திருக்கிறது. அது விடப்படுகிறதா என்று கேட்டுக் கடிதம் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. மாதம் ஒன்று எழுதுங்கள். பதில் வராது. நகலை வரிசையாகக் கோப்பில் வையுங்கள். ஒரு நாள் பசுமைத் தீர்ப்பாயத்தில் யாராவது வழக்குப் போடும்போது அந்தக் கோப்புக்கு வேலை வரும்.

8. கப்பலின் இரைச்சலைக் காதால் அளக்காதீர்கள்.

அலகாபாத்திலிருந்து ஹால்தியா வரை 1,620 கிலோமீட்டர், 1986-லிருந்து தேசிய நீர்வழி எண் 1. விக்ரம்சீலா சரணாலயம் முழுவதும் அந்தப் பாதையில்தான் கிடக்கிறது. சரக்கு ஆற்றில் போனால் லாரி குறையும், டீசல் மிச்சம் என்பார்கள்; அது பொய்யில்லை. ஆனால் ஒலியாலேயே வாழும் விலங்குக்கு இயந்திர இரைச்சல் என்பது புகைமூட்டத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி. பீகார்க் கங்கையில் செய்யப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, நீர் ஆழம் குறைந்த காலத்தில் இரைச்சல் கூடும்போது டால்பின்கள் ஒலி எழுப்புவதற்கே கூடுதல் சக்தியைச் செலவழிக்க நேர்கிறது என்று காட்டியது. ஆழம் குறைவதும் இரைச்சல் கூடுவதும் சேர்ந்து வரும்போதுதான் அடி பலமாக விழுகிறது. கப்பலுக்கு ஆழம் வேண்டும் என்று தூர்வாரினால் டால்பினுக்கும் நல்லதுதானே என்று கூட்டத்தில் ஒரு பொறியாளர் கட்டாயம் கேட்பார். ஒரே சீராக வெட்டிய வாய்க்காலில் சுழலும் மடுவும் மணல்திட்டும் இராது, அவை இல்லாத இடத்தில் மீனும் தங்காது என்று பதில் சொல்லத் தயாராகப் போங்கள்.

சரணாலயம் என்று ஒருமுறை அறிவித்துவிட்டால் அது நிரந்தரம் என்றும் நம்ப வேண்டாம். வாரணாசியில் ஏழு கிலோமீட்டர் ஆமைச் சரணாலயம் 1989-லிருந்து இருந்தது. 2020-ல் அதன் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டார்கள். நீர்வழி அந்தப் பக்கமாகத்தான் போகிறது.

9. எண்ணிக்கையோடு விளையாடாதீர்கள்.

2025 மார்ச்சில் வெளியான முதல் முழுமையான கணக்கெடுப்பு எட்டு மாநிலங்கள், 28 ஆறுகள், 8,500 கிலோமீட்டருக்கு மேல் போய் 6,327 என்று சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635, ஜார்க்கண்டில் 162, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் சேர்ந்து 95. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் மூன்று, அவை கங்கை இனம் அல்ல, சிந்து டால்பின். இந்தியப் பக்கத்தில் எஞ்சியிருப்பது அந்த மூன்றுதான். பெரிய எண்களுக்கு நடுவில் அதைக் கண் தாண்டிப் போய்விடும். நீங்கள் தாண்ட வேண்டாம்.

முன்பு புழங்கிய எண்கள் இரண்டாயிரத்துச் சொச்சம், மூவாயிரத்துச் சொச்சம் என்று இருந்தன. உடனே, இரட்டிப்பாகிவிட்டது, திட்டம் வெற்றி என்று ஒரு பத்திரிகைக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 2012-ல் 671 என்று வந்தது, 2015-ல் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி போடும் விலங்கு மூன்று வருடத்தில் இரட்டிப்பாகுமா? கூடியது தேடிய தூரமும் தேடிய முறையும். ஒரு படகில் இருப்பவர் தவறவிட்டதை இன்னொரு குழு தனியாகக் குறித்து, இரண்டையும் ஒப்பிட்டு, தண்ணீருக்குள் ஒலிவாங்கி போட்டுச் சரிபார்க்கும் முறை வந்தபின் கிடைத்த எண் இது. அடுத்தமுறை இதே முறையில், இதே பருவத்தில் எடுத்தால்தான் கூடியதா குறைந்ததா என்று வாய் திறக்கலாம்.

2024 டிசம்பரில் அசாமின் குல்சி ஆற்றில் ஓர் ஆண் டால்பினுக்கு முதன்முதலாகச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். எந்தப் பருவத்தில் எங்கே போகிறது என்பதே இப்போதுதான் தெரியத் தொடங்குகிறது. இவ்வளவு குறைவாகத் தெரிந்த ஒரு பிராணியைப் பற்றி அடக்கமாகப் பேசுவது நல்லது.

10. கால்வாயில் மாட்டிக்கொண்ட டால்பின்.

உத்தரப் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். சாரதா, காக்ரா கால்வாய்களில் நீரோடு உள்ளே வந்துவிடும், மதகை அடைத்ததும் வற்றும் குட்டையில் சிக்கிக்கொள்ளும். 2020 டிசம்பர் கடைசி நாளில் பிரதாப்கட் மாவட்டத்தில் ஒரு கால்வாயில் அப்படி வந்த டால்பினைக் கிராமத்து ஆட்கள் கோடரியாலும் தடியாலும் அடித்துக் கொன்ற வீடியோவை நாடே பார்த்தது. மூன்று பேர் கைதானார்கள். கைது சரிதான். ஆனால் மதகு எந்தத் தேதியில் அடைக்கப்படும் என்று நீர்ப்பாசனத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு, கால்வாயோரக் கிராமங்களில் ஒரு தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது அதைவிடப் பயனுள்ள வேலை.

தூக்கும்போது வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்கக் கூடாது. மெத்தென்ற பஞ்சுப் படுகையில் கிடத்துங்கள். உடம்பை ஈரத் துணியால் மூடி நனைத்துக்கொண்டே இருங்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணீர் போகக் கூடாது. நிழல் வேண்டும். கூட்டத்தை விலக்க இரண்டு போலீஸ்காரர் வேண்டும். செல்ஃபி எடுக்க வருகிற முதல் ஆள் பெரும்பாலும் உள்ளூர் அரசியல்வாதியாக இருப்பார். பணிவாக, ஆனால் உறுதியாக, ஆற்றில் விட்டபின் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

11. பக்கத்து நாடுகளின் ஆற்றைப் பற்றியும் படியுங்கள்.

சீனத்து யாங்சியில் 'பைஜி' என்ற டால்பின் இருந்தது. நாட்டின் முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. 1992-ல் அதற்காகவே காப்பகங்களும் அறிவிக்கப்பட்டன. 2006-ல் பன்னாட்டு விஞ்ஞானிகள் இரண்டு கப்பல்களில் ஆறு வாரம் தேடினார்கள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சட்டம் இருந்தது, காப்பகம் இருந்தது. கப்பலும் தூண்டில் வரிசையும் அணையும் வேறு துறைகளின் கையில் இருந்தன. அதே ஆற்றில் மிச்சமிருக்கும் முதுகுத் துடுப்பில்லா ஓங்கிலையும் மீன்களையும் காக்க, 2021 ஜனவரியிலிருந்து பத்து வருடம் மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். 2017-ல் 1,012 ஆக இருந்த ஓங்கில் எண்ணிக்கை 2022-ல் 1,249 ஆயிற்று. அந்த வழியைக் கங்கைக்குக் கொண்டுவரலாமே என்று டெல்லிக் கருத்தரங்கில் யாராவது சொன்னால், நான்காவது அறிவுரையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எனக்குப் பிடித்த பாடம் பாகிஸ்தானில் இருக்கிறது. 1974-ல் குட்டு, சக்கர் அணைகளுக்கு நடுவே சிந்து டால்பினுக்குக் காப்பகம் அமைத்து வேட்டையை நிறுத்தினார்கள். அன்று நூற்றுக்கணக்கில் இருந்தது, 2017 கணக்கில் இரண்டாயிரத்தை நெருங்கியது. கால்வாய்களைத் தூர்வார அடைக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிந்து மாகாண வன உயிரினத் துறை ஆட்கள் மீனவர்களோடு சேர்ந்து, சிக்கிய டால்பின்களைத் தூக்கி ஆற்றில் விடுகிறார்கள். ஒரே வேலையை வருடா வருடம், பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் செய்கிறார்கள். நம் ஆட்கள் அதைக் கற்றுக்கொள்ள எல்லை ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை, அவர்களுடைய கட்டுரைகள் எல்லாம் கிடைக்கின்றன.

12. அக்டோபர் 5-ஆம் தேதி தேசிய டால்பின் தினம். பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி ஓவியப் போட்டி வைக்கச் சொல்வார்கள். வையுங்கள், தப்பில்லை. பரிசை மீனவக் குடியிருப்புப் பள்ளியில் கொடுங்கள். மேடையில் ஒரு நாற்காலி படகோட்டிக்கு.

13. மாற்றல் உத்தரவு வரும்.

இரண்டு வருடம், மூன்று வருடம், சமயத்தில் எட்டே மாதம். ஆற்றை நீங்கள் புரிந்துகொள்ளத் தொடங்கும்போது உங்களை நேபாள எல்லைக் காட்டுக்கோ தலைமைச் செயலகத்துக்கோ தூக்கிப் போடுவார்கள். வருத்தப்பட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்னால், உங்களுக்குப் பின் வருகிறவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். கோடையில் எந்த மடுவில் ஆழம் நிற்கிறது, எந்த வளைவில் குட்டிகள் தென்பட்டன, எந்தப் பொறியாளர் தொலைபேசியை எடுப்பார், எந்த மணல் குத்தகை எப்போது முடிகிறது, தகவல் சொல்லும் மீனவர்கள் யார் யார், அவர்களில் யாருக்கு நீங்கள் என்ன வாக்குக் கொடுத்து இன்னும் நிறைவேற்றவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அரசாங்க நடையில் எழுத வேண்டாம், பேசுகிற மாதிரி எழுதுங்கள். கடைசி வாரத்தில் ஒரு நாள் புது அதிகாரியைப் படகில் ஏற்றி அந்த மீனவர்களிடம் நேரில் கொண்டுபோய் விடுங்கள். குறிப்பை இரண்டு பிரதி எடுங்கள். அலுவலகத்தில் வைப்பது எப்படியும் தொலைந்துவிடும். இன்னொன்றைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.